மஞ்சள் ஏறிய ஃபிலிம்

தராசு ரிப்பேர்காரருக்குத் தெருவில் கிராம் என்று பெயர். கடைக்காரர்கள் வாயால் வந்தது. ஒரு கிராம் பிசகினாலும் தராசைத் திருப்பித் தரமாட்டார். தலைகீழாக நின்றாலும் மனிதர் மசியமாட்டார். வீட்டிலும் அதே கறார்தான். முப்பத்தாறு படமும் எடுத்து முடிக்காமல் ஃபிலிமைக் கழுவக் கொடுத்த சரித்திரமே கிடையாது.

"நாலு படம்தானே மிச்சம்? கொடுத்துட்டு வாங்களேன். நல்லதா ஒரு படத்துல என் மூஞ்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு" என்று மனைவி கேட்டாள். "நாலு படம் என்ன சும்மாவா வருது?" என்றார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த மாதம் அவளே இல்லை. கல்லீரல். பிறகு அந்தக் கேமராவைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

பதினோரு வருடம் கழித்து மகள் தன் வீட்டில் மாட்ட அம்மா படம் ஒன்று கேட்டாள். கலர் ஃபிலிம் கழுவும் கடைகள் எப்போதோ மூடியாகிவிட்டன. திறந்திருந்தாலும் இன்னொருவர் கையில் அதைக் கொடுக்க அவருக்கு மனம் ஒப்பியிருக்காது. தாமே கழுவ மருந்துகளை வரவழைத்தார். ஜன்னலில்லாத குளியலறையில் கதவிடுக்கில் துண்டைத் திணித்து, இருட்டில் விரலாலேயே தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவில் அடைத்தார். வாளியில் வெந்நீர், முப்பத்தெட்டு டிகிரி. அரை டிகிரி இறங்கினால் உடனே ஒரு குவளை கொதிநீர். இதையெல்லாம் இவருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

காய்ந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பாதிப் படங்கள் மங்கிப் போயிருந்தன. கடைசிப் படத்தில் அவள் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் இவர். கனவில்கூடச் சரியாக வராத முகம்.

படம் முழுக்கப் பச்சை பாய்ந்திருந்தது. வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை வெள்ளையாக்கினால் மற்ற நிறங்கள் தாமாக வழிக்கு வரும். தராசுக்கு எடைக்கல் மாதிரி. சட்டையைப் பிடித்துக்கொண்டார். சட்டை வெளுத்தது, சுவர் தெளிந்தது, அவருடைய கறுத்த மூஞ்சிகூட அப்படியே வந்தது. அவள் முகம் மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"பழைய ஃபிலிம், மஞ்சள் ஏறிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சளைக் குறைத்தார். முகம் தெளிந்தது, சட்டை நீலமாகிவிட்டது. சட்டையைத் திருத்தினால் மறுபடி முகம் மஞ்சள். மூன்று நாள் மல்லுக்கட்டினார்.

மூன்றாம் நாள் படத்தைப் பெரிதாக்கிக் கண்களைப் பார்த்தார். அவள் கண்ணின் வெள்ளையிலும் மஞ்சள். அவர் கண்ணில் இல்லை. ஃபிலிம்மேல் எந்தக் குற்றமும் இல்லை. "மஞ்சள் எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டபோது, "ஒரு வாரமாத்தான்" என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே அவளைத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருக்கிறார். அரை கிராம் பிசகைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. அன்றைக்கே ஃபிலிமைக் கழுவக் கொடுத்திருந்தாலாவது தெரிந்திருக்கும். "நீ கேட்டியேம்மா" என்று திரையைத் தொட்டு அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பிரிண்டை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா எவ்வளவு நல்லா இருக்காங்க! ஏம்பா, உங்ககிட்ட நீலச் சட்டை ஏது? வெள்ளையைத் தவிர வேற எதையும் போட்டு நான் பார்த்ததே இல்லையே."

"அன்னைக்குப் போட்டிருந்தேன்" என்றார் கிராம்.