ஆறு பன்னிரண்டுக்குத் துடித்த திரை

இதை நம்பும்படி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு வரிகூடக் கூட்டி எழுதவில்லை. நேரங்களை எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். அது ஒரு நிமிடம்கூடத் தப்பாது.

எங்கள் வீடு கேரள எல்லையோரம், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில். அண்ணன் சஜு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துப் போஸ்டர் செய்து கொடுப்பான். முதுகு பெருத்த பழங்கால மானிட்டர். கல்யாணம், சபை ஆண்டுவிழா, சாவு, எல்லாம் அதில்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய படம் அன்றைக்கோ மறுநாளோ கறுப்புக் கட்டத்துக்குள் பஸ் ஸ்டாப்பில் ஏறிவிட வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எழுத்து அடிக்கிற வேலை எனக்கு வந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால் பிடித்திருந்தது.

ஜூன் மாதம், ஒரு திங்கள்கிழமை மதியம். அண்ணன் ஒரு பெயரை அடிக்கச் சொன்னான். ஜின்சி, வயது 26. கறுப்புக் கட்டத்துக்குள்.

ஜின்சி குவைத்தில் நர்ஸ். நல்ல உயிரோடு இருக்கிறாள். போன மாதம் அண்ணனுக்கு அவளைப் பெண் கேட்டுப் போனோம். அவளுடைய அம்மா ராஜபாய் மாமி எங்களை முற்றத்திலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

"அண்ணா, இவ சாவலியே."

"தமாசாக்கும். ஒரு ராத்திரி அவளுக்க அம்மை கிடந்து அழுது கரையட்டும். நீ வாயி மிண்டாம அடி."

நான் அடித்தேன்.

அன்று மாலை ராஜபாய் மாமி நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். எதிர்த் தூணில் மகளுடைய முகம். அங்கேயே விழுந்தார். மகளுக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. அவள் டியூட்டியில் இருந்தாள். அவள் திரும்ப அழைத்தபோது மாமி இல்லை.

மழையில் ஊறிய அந்தக் காகிதத்தை யாரோ கிழித்து எறிந்துவிட்டார்கள். ஒட்டியது யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. போஸ்டர் செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு.

மறுநாள் செவ்வாய். அப்பாவும் அம்மாவும் சாவு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். 5:40-க்கு ராஜபாய் மாமியின் தம்பி பொன்னுதாஸ் மாமா குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். அக்காவுக்குப் போஸ்டர் வேண்டும். மறுநாள் ஜின்சி வந்து சேர்ந்ததும் அடக்கம்.

"ஒட்டினவன் எவன்னு மட்டும் தெரியட்டும் எலே. பிறகு உனக்கு இன்னொரு போஸ்டர் வேல உண்டு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "இரியும் மாமா. இப்ப ஆயிரும்."

மாமா வெளியே வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

இந்த வேலையில் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. கடைசியாகச் செய்த சாவுப் போஸ்டரைத் திறந்து, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றுவார்கள். அண்ணனின் கை பழக்கத்தில் அதையே செய்தது. திறந்தது ஜின்சியின் போஸ்டர். மகளை அழித்தான். அந்த இடத்தில் அம்மாவை வைத்தான். சபைப் பெண்கள் சங்கத்தில் எடுத்த படம். மாமி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

6:12.

திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. டிக்.

மறுபடியும். டிக்… டிக்… டிக்…

"கேபிள் லூசாக்கும்," என்றான் அண்ணன். பின்னால் கை விட்டு இரண்டு திருகையும் முறுக்கினான். நிற்கவில்லை. ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் சொருகினான். நிற்கவில்லை. ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் படத்தை ஆட்டும் என்று அதைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். அப்போதும் துடித்தது.

கடைசியில் செட்டிங்கைத் திறந்தான். திரை ஒரு நொடியில் எத்தனை தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கும். 60 என்றிருந்ததை 75 ஆக்கினான். வேகத்தைக் கூட்டினால் துடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும்.

ஆனால் இந்தத் துடிப்பு மெதுவானது. எண்ண முடிகிற அளவுக்கு.

6:25.

"நீ இரி. நீ அடிச்சு முடி," என்று அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். நான் உட்கார்ந்தேன்.

துடிப்பு நின்றது.

அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். மாமியின் வாய் மூடியிருந்தது.

"அண்ணா… படத்த மாத்தினியா?"

"இல்ல."

கண்களும் நேரே பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தன. அண்ணன் அங்கே நின்றான்.

அவன் மெல்ல அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

டிக்.

கண்கள் அலமாரிப் பக்கம் இருந்தன.

6:38. வெளியிலிருந்து மாமாவின் குரல். "கம்ப்யூட்டரா எலே அது, காளை வண்டியா?"

"இப்ப… ஆயிரும் மாமா."

அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். துடிப்பு திரும்பி வந்தது. மானிட்டரின் கேபிளை ஒரே இழுப்பில் பிடுங்கினான். பிடுங்கினால் திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். வரவில்லை.

மாமி இருந்தார்.

ஒவ்வொரு டிக்குக்கும் முகம் கொஞ்சம் கிட்டே வந்தது.

"மாமாட்ட சொல்லிரு அண்ணா."

"மிண்டாத."

"சொல்லிரு…"

"மிண்டாதன்னேன்."

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் அடங்கியது. சின்ன விளக்குகள் எல்லாம் அணைந்தன.

திரை அணையவில்லை.

இருட்டு… முகம். இருட்டு… முகம்.

6:50. இப்போது கண்கள் மட்டும்.

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான். அவன் கை மேசையை விட்டு வரவில்லை.

6:52.

டிக்.

கறுப்பு.

ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது…

"ஏ பிள்ளே," என்றான் அண்ணன். "கரண்டு போச்சா? லைட்டப் போடு."

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணனைத் திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை கொண்டுபோனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்த மானிட்டரைத் தனுவச்சபுரத்தில் ஒருவர் கழற்றிப் பார்த்தார். அதிலும் ஒரு குறையும் இல்லை என்றார்.

பத்து நாள் கழித்துப் பொன்னுதாஸ் மாமா அண்ணனைப் பார்க்க வந்தார். தன் அக்காவுக்குப் போஸ்டர் செய்யும்போது இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு மனது கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அக்கா உடனே சாவல மக்கா. பஸ்ஸு வந்தது ஆறு பன்னிரண்டுக்கு. கண்டக்டரு சொன்னாரு. ஆம்புலன்ஸ் வந்தது ஆறு அம்பத்திரண்டுக்கு. அப்பத்தான் உயிரு போச்சு. அதுவர வாயி அனங்கல, கையி அனங்கல. கண்ணு மட்டும் அடிச்சிட்டே கிடந்தது. அந்தத் தூணப் பாத்து… நாப்பது நிமிசம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது எதாவது கேள்விப்பட்டியா மக்கா? யாரு ஒட்டினான்னு?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அதைப் பார்க்க முடியாத அண்ணன், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அன்று மாலை 6:12-க்கு என் வலது கண் துடிக்க ஆரம்பித்தது. மூன்று நிமிடம்.

மறுநாள் பதினொன்று.

நேற்று முப்பத்தாறு.