பையர் கடிதத்தில் சிவப்பு அம்பு

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நாள். சரக்கு வாங்கும் பையர் தரப்பில் தரம் பார்க்கும் க்யூசி பிரகாஷ் சார் எங்கள் ஃபைலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் இங்கிலீஷில் எழுதி அனுப்பிய கமெண்ட்ஸ் தாள் முழுக்கச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

பனியன் கம்பெனியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அம்பு ஒட்டித்தான் ஒதுக்குவோம்.

"ஏனுங்கக்கா, நான் எழுதுனது அத்தனையும் டேமேஜுங்களா?" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். கேஸை அணைத்தேனா என்று பஸ் ஏறிய பிறகும் யோசிக்கிற ஆள். அவிநாசி யூனிட்டில் செக்கிங் சூப்பர்வைசர் ஆகி ஒரு மாதம்தான். இந்த லாட் சரக்கு ஃபெயிலானால் என்னை மறுபடி செக்கிங் டேபிளுக்கே அனுப்பிவிடுவார்கள்.

மேனேஜர் பல்லைக் கடித்தார். "ஏனம்மணி, ஃபைல்ல நல்ல தாளைத்தான வெக்கச் சொன்னேன்? இப்படிச் செஞ்சுபோட்டீங்களே!"

பதற்றத்தில் சுத்தமான தாளுக்குப் பதில், நான் அம்பு ஒட்டிப் படித்த தாளை வைத்துவிட்டிருந்தேன்.

"டேமேஜ் இல்லீங்க சார்," என்றேன். "நீங்க எழுதுனது ஒவ்வொண்ணும் அவிநாசித் தேர் வடமாட்டம் நீளமுங்க. அதுல நான் செய்யோணும்கிற வேலை எங்க இருக்குதுன்னு தேடித் தேடி ஒட்டுனதுங்க."

நம் பேச்சில் செய்ய வேண்டியது கடைசியில் வரும். இங்கிலீஷில் அது நடுவில் உட்கார்ந்திருக்கும். அது தெரியாமல் பல நாள் கடைசி வார்த்தையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் யார், என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் அம்பு ஒட்டினேன். பனியனுக்கு உடல் பாகமான பாடி மாதிரி அது. இஃப், ஆஃப்டர், விச் என்று தொடங்குவதெல்லாம் கை, காலர் மாதிரி. எப்போது, எந்த பீஸ் என்று சொல்லும். பாடி கிடைத்தால் மற்றவை எங்கே சேரும் என்று தெரிந்துவிடும். நடுவில் 'அண்ட்' போட்டு இரண்டு வேலை வைத்திருந்தால் இரண்டு அம்பு.

சார் இருப்பதிலேயே நீளமானதில் விரல் வைத்தார். "இதச் சொல்லுங்க பாக்கலாம்."

"போன தடவ ஒதுக்குன பீஸை, மறுக்கா செக் பண்ணாமப் பேக் பண்ணக்கூடாதுங்க. இதுல 'செஞ்சாலொழிய'ன்னு சொல்ற அன்லெஸ் ஒண்ணு இருக்குதுங்க. அதால எனக்கு மூணு நாளாத் தூக்கமில்லீங்க."

சிரித்துக்கொண்டே கார்ட்டன்களைப் பிரித்தார். அவர் எழுதியபடியே சரக்கு இருந்தது. லாட் பாஸ்.

"என்ற ஊட்டுக்காரம்மாவே நான் சொல்றதுல பாதியத்தான் கேக்குது. நீங்க முழுசாக் கேட்டிருக்கீங்களே!" என்றார்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாக்கியத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள், அதற்குள் இருக்கும் வேலையைத் தேடுங்கள்.

அடுத்த ஆர்டருக்கு சார் கொடுத்த தாளில் எல்லாம் ஒரு வரி, ஒரு வேலை. கடைசியில் மட்டும் ஒன்று மூன்று வரிக்கு நீண்டிருந்தது. அதில் அவரே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தார்.