வில்லாவுக்குப் பின்னால் ஒரு தோலோஸ்

கிரேக்கத்துக்குச் சுற்றுலா போய்வந்த முதலாளி ஒருவர், துபாயில் தன் வில்லா தோட்டத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ஒரு 'தோலோஸ்' வேண்டும் என்றார். அவர் அங்கே பார்த்தது தூண்கள் சூழ்ந்த வட்டக் கோயில். எங்கள் மேனேஜர் இணையத்தில் அந்தப் பேரைத் தட்டி, முதலில் வந்த படத்தை என்னிடம் நீட்டினார். நான் டிராஃப்ட்ஸ்மேன், கொடுத்ததை வரைகிறவன். கல்லை வளையம் வளையமாக உள்ளே தள்ளி அடுக்கிய டோம், மேலே மண்மேடு, முன்னால் நீண்ட நடை. பிரமாதமாக வரைந்தேன்.

டோம் பாதி ஏறிய பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். வட்டக் கோயிலுக்கும் அதே பேர், இதற்கும் அதே பேர். இது ராஜாக்களைப் புதைத்த இடம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய வருடம் அப்பா இறந்தபோது வேலையைக் காட்டி லீவு மறுத்திருந்தார்கள். முதலாண்டுப் பூசைக்காவது போயாக வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் குழிமேல் அப்போதும் மரச்சிலுவைதான் நின்றது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் மதுரைக்காரர், எதற்கும் கலங்காதவர்.

"தம்பி, நீ சொன்னாத்தான அது கல்லறை. வாசல்ல ரெண்டு தூண ஒட்டி விட்ருவோம். டோம முடி, லீவுல கையெழுத்துப் போடுறேன். கலாஸ், அதோட முடிஞ்சது."

முடிந்த அன்று முதலாளி வந்தார். உள்ளே நல்ல குளிர்ச்சி, அதிலேயே அவர் கோயிலை மறந்துவிட்டார். நடுவில் நின்ற நான் வாய் சும்மா இருக்காமல், "கல்லறையேதான்" என்று முணுமுணுத்துவிட்டேன். டோம் அதை வாங்கி நாலு தடவை உரக்கச் சொன்னது. என்ன சொன்னாய் என்று முதலாளி இந்தியில் கேட்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கையெழுத்தாகாத என் லீவுத்தாள் அவர் பையில் இருந்தது.

"வெயில் படாமல் நிம்மதியாக இருக்கும் இடம் என்று எங்கள் பாஷையில் அர்த்தம் சார்" என்றேன். யோசித்தால் அதில் பொய்யும் இல்லை. முதலாளி அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பழகினார். வாசலில் அதையே தங்க எழுத்தில் வைக்கச் சொன்னார்.

ஒரு வாரம் லீவு கிடைத்தது. பூசை முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள்.

"மக்களே, இத்தன நாளா அங்க என்னதான் கெட்டுன?"

முதலாளியிடம் மறைத்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"அப்போ அப்பாவுக்கும் ஒண்ணு கெட்டிப் போட்டுட்டுப் போ."

கொத்தனாரோடு நானும் நின்று கட்டினேன். பூச்சு காய்வதற்குள் ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது.