பெரியகடையில் ஒரு மச்சச் சாப்பாடு

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் நான் போவதில்லை. போக வேண்டி வந்தாலும் சந்தையைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பேன். அங்கே இருந்த சாப்பாட்டுக் கடையை மூடி எத்தனையோ வருசம். இருந்தாலும் கால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

உரும்பிராயில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். நான் இரண்டாம் வகுப்போடு நின்று தோட்டத்துக்கு இறங்கியவன், வருசக் கணக்குச் சொல்ல வராது. வெள்ளைக்காரனின் இரண்டாவது சண்டைக்கு இரண்டு மூன்று வருசம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபது வயசு இருக்கும், அக்காவுக்கு இருபத்தேழு. செவ்வாய் தோசம் என்று அக்காவுக்கு ஒரு சாதகமும் பொருந்தாமல் கிடந்தது. மலாயாவில் ரெயில்வேயில் இருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் தமையன், தன் கந்தோரில் வேலை செய்த பருத்தித்துறைப் பெடியன் ஒருவரின் சாதகத்தை அனுப்பினார். அது பொருந்தியது. மாப்பிள்ளை லீவில் வந்து நின்றார். கலியாணத்தை முடித்துக்கொண்டு அடுத்த மாதக் கப்பலில் திரும்ப வேண்டும். ஒரு புதன்கிழமை இரண்டு பகுதியும் யாழ்ப்பாணத்தில் அந்தக் கடையில் சந்தித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நொத்தாரிசிடம் போய்ச் சீதன உறுதிப் பத்திரம் எழுதுவதென்று பேச்சு.

திங்கட்கிழமை பின்னேரம் பெரியப்பா செத்துப்போனதாகத் தந்தி வந்தது.

எங்கள் வீட்டில் இங்கிலீசு தெரிந்தவர் எவரும் இல்லை. தந்திக்காரன்தான் பிரித்து வாசித்துச் சொன்னான்.  அப்பா வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய், பழுக்கப் போட்டிருந்த கதலிக் குலையை அப்படியே தூக்கி வந்து அவனுடைய சைக்கிளில் கட்டிவிட்டார். ஒருவருக்கும் சொல்லாதே என்றார். அவனும் நல்லவன், சொல்லவில்லை.

எங்களுக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். அந்த நாட்களில் வீட்டில் மச்சம், மீன் இறைச்சி ஒன்றும், அடுப்பில் ஏறாது. ஒரு வருசம் கழிந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை கலியாணமும் வைக்க ஏலாது. அதற்குள் கப்பல் போய்விடும். அம்மா சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குசினிக்குள் இருந்தா. சத்தம் போட்டு அழ அப்பா விடவில்லை.

"கேள்விப்பட்ட நாளிலையிருந்துதான் துடக்கு," என்றார். "நாங்கள் இன்னும் கேள்விப்படேல்லை."

இதை அவர் எங்களுக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லூருக்கு நடந்து போகிற மனிதர். பெரியப்பாதான் அவரைச் சின்னனில் தோளில் தூக்கி வளர்த்தவர்.

புதன்கிழமை நானும் அப்பாவும் முழுகி, விபூதி பூசி, பஸ் ஏறினோம். அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கலகலப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாசலில் சோடாப் போத்தல் உடைக்கிற சத்தம், உள்ளே பாட்டுப்பெட்டி. நாலு சுவரிலும் ஆள் உயரக் கண்ணாடி. பத்துப் பேர் இருந்தால் நாற்பது பேர் இருக்கிற மாதிரித் தெரியும். பரிமாறுகிறவர்கள் "இரண்டு மரக்கறி, ஒரு மச்சம்" என்று குசினிக்குக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடுவார்கள். சட்டத்தரணிமார், புகையிலை ஏவாரிகள், அரசாங்கக் கச்சேரி கிளாக்குமார் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். மேசைக்கு வெள்ளைக் கல் போட்டிருந்தது. கையை வைத்தால் குளிர்ந்தது. அக்காவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் எங்களுக்கு முன்னமே வந்து இருந்தார்கள். தாய்மாமன் பென்சன் எடுத்த வாத்தியார். மாப்பிள்ளை படத்தில் பார்த்ததை விட மெலிவு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கப்பலில் வந்த களை இன்னும் போகவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

நாலு பேருக்கும் மரக்கறிச் சாப்பாடு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். இலை போட்டார்கள். கொஞ்ச நேரம் மழை, புகையிலை என்று கதை போனது. பிறகு வாத்தியார் மெதுவாகக் கேட்டார்:

"தமையனிட்டையிருந்து புதினம் ஏதும் வந்ததே?"

அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தார். "ஓம் வாத்தியார். போன மாசம் கடிதம் வந்தது. சுகமாம்."

"பிறகு ஒண்டும் வரேல்லையோ?"

"ஒண்டும் வரேல்லை."

வாத்தியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, ஆட்டிறைச்சிக் கறி கொண்டுவரச் சொன்னார். சம்பந்திக்கு நல்லாய்ப் போடு என்றார். மாப்பிள்ளை வேண்டாம் என்று இலைக்கு மேலே கையைப் பிடித்தார். தனக்குப் பல்லுக்கு ஏலாது என்று வாத்தியாரும் விட்டுவிட்டார். ஆக, அப்பாவின் இலையிலும் என்னுடைய இலையிலும்தான் இறைச்சி விழுந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். விரதம் என்று சொல்லலாம். ஆனால் புதன்கிழமையில் என்ன விரதம்? மேசைக்குக் கீழே அவருடைய கால் பெருவிரல் என் காலை அமத்தியது. அவர் ஒரு துண்டை எடுத்துச் சோற்றுக்குள் புதைத்துப் பிசைந்து, கடிக்காமல் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். இன்னொரு துண்டு. பிறகும் தண்ணீர். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. கண்ணாடியில் அப்படி நாலு அப்பா இருந்தார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பசி. இரண்டு நாளாக வீட்டில் ஒழுங்காகச் சமைக்கவில்லை. அந்தக் கறி நல்ல ருசியாக இருந்தது. நான் திரும்பவும் குழம்பு கேட்டு வாங்கினேன். இதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடிந்து கை கழுவுகிற தொட்டியடிக்குப் போனோம். அங்கே பாட்டுப்பெட்டிச் சத்தம் கொஞ்சம் குறைவு. வாத்தியார் சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"பொடியனுக்கும் தந்தி வந்தது. ஒரே கந்தோரல்லே."

அப்பா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நாங்கள் இண்டைக்கு உறுதி எழுத வரேல்லை," என்றார் வாத்தியார். "துக்கம் விசாரிக்கத்தான் வந்தனாங்கள். வருசம் முடியட்டும், பொடியன் திரும்பி வருவான், அதுவரைக்கும் வேறை இடம் பாக்கமாட்டம் எண்டு சொல்லத்தான் வந்தனாங்கள். நீங்கள் வாயைத் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இறைச்சி வந்த பிறகாவது திறப்பியள் எண்டு நினைச்சன்."

"வாத்தியார், பிள்ளைக்காக..."

"விளங்குது. ஆனால் கூடப்பிறந்தவனுக்கே இப்பிடியெண்டால், நாளைக்கு எங்களுக்கு?"

 போகும்போது மாப்பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்து, "பெரியவர் எனக்குத் தகப்பன் மாதிரி," என்று மட்டும் சொன்னார்.  அவர்கள் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நடந்தார்கள். நொத்தாரிசு எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அங்கே ஒருவரும் போகவில்லை.

தந்திக்காரனின் வாயை வாழைக்குலையால் கட்டிய அப்பாவுக்கு, பெரியப்பாவின் கந்தோரிலிருந்து இன்னொரு தந்தி போகும் என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. மலாயாவை நாங்கள் எங்கள் வீட்டுக்கு மட்டும் கடிதம் வருகிற ஊர் என்றே நினைத்திருந்தோம்.

 அப்பா கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேலியோரம் குந்தி எல்லாவற்றையும் சத்தியெடுத்தார். மிச்சத் தூரம் நடந்தே வந்தோம்.

படலைக்குள் வந்ததும் அவர் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனி அழலாம்."

அம்மா தலையை விரித்துப்போட்டு, இரண்டு நாள் அடைத்து வைத்திருந்ததை எடுத்துக் கத்தினா. அயலட்டை ஓடி வந்தது. இப்போதுதான் தந்தி வந்ததோ என்று கேட்டார்கள். ஓம் என்றோம். பெண்டுகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னார்கள். அம்மாவின் அழுகையில் பெரியப்பாவுக்கு எவ்வளவு, அக்காவுக்கு எவ்வளவு என்று வந்தவர்களுக்குத் தெரியாது.

அக்கா அழவில்லை. நான் முழுகுவதற்குக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளித் தந்தா. நான் பார்த்து வைத்திருந்த கண்ணாடியையும் வெள்ளைக் கல்லையும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவ வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டே கேட்டா:

"அவரும் இறைச்சி சாப்பிட்டவரோ?"

"இல்லை அக்கா. சோறும் மோரும்தான்."

வாளி நிரம்பி வந்தது. என் தலையில் ஊற்றினா.  அதற்குப் பிறகு அவவுக்கு ஒரு சாதகமும் வரவில்லை. அப்பா சாகும்வரை மச்சம் தொடவில்லை. அவருக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை சமைத்துப் போட்டது அக்காதான்.