நபீஸா டீச்சரின் கதாநாயகிகள்

நபீஸா டீச்சர் நாவல் படிப்பது கண்டிப்பதற்காக. மூதூரில் இது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டு ஹாலில் பெண்கள் கூடுவார்கள். முதலில் குர்ஆன் வசனம் ஒன்றுக்கு விளக்கம். பிறகு அந்தக் கிழமை அவர் படித்த நாவலின் கதாநாயகி. அவள் எங்கே வழி தவறினாள், எந்தப் பார்வையில் அது தொடங்கியது, எந்த வாசலில் முடிந்தது என்று டீச்சர் எடுத்துச் சொல்வார். பெண்கள் "அல்லாஹ்வே" என்று வாயில் கை வைப்பார்கள். விளக்கத்துக்குப் பிந்தி வருகிறவர்கள் உண்டு. கதாநாயகிக்குப் பிந்தி வருகிறவர்கள் இல்லை.

அவர் அஹதிய்யா எனப்படும் ஞாயிறு மார்க்கப் பாடசாலையில் பல வருடம் படிப்பித்தவர். ஒருமுறை ஒரு மாணவியின் பையிலிருந்து நாவலொன்றைப் பறித்தார். எதற்காக ஏசவேண்டும் என்று தெரியாமல் ஏச முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். அப்படித்தான் தொடங்கியது. கணவர் கலீலுர் றஹ்மான் இறங்குதுறைப் பக்கம் வலைக்கடை வைத்திருக்கிறார். சாமான் எடுக்கத் திருகோணமலை நகரத்துக்குப் போனால் பழைய புத்தகங்களும் வாங்கி வருவார்.

"இந்தாங்க, ஏசுறதுக்கு இன்னும் ரெண்டு" என்று மேசையில் வைப்பார்.

டீச்சர் உடனே மட்டைக்குப் பத்திரிகைத்தாள் உறை போடுவார். புத்தகத்தின் பெயரைச் சொல்லமாட்டார். சொன்னால் குமர்ப்பெண்கள் தேடிப் படித்துவிடுவார்கள். கதாநாயகியின் பெயரை முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவர் வெகுநேரம் கண்டித்த ஒருத்தியின் பெயரை, கூட்டத்துக்கு வரும் ஹஸ்மியின் மனைவி தன் பெண்குழந்தைக்கு வைத்துவிட்டாள். "அவ செஞ்சது பிழைதான் டீச்சர், ஆனா பேரு வடிவு" என்றாள். அதன் பிறகு பெயரும் இல்லை. "ஒரு பொண்ணு" என்றுதான் தொடங்குவார்.

கேட்பவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக இன்னொன்றும் செய்வார். மூதூரில் ரயில் இல்லை. திருகோணமலைக்குக் கடலில் லோஞ்ச் படகுதான் ஓடும். ஆகவே ரயில்கள் எல்லாம் லோஞ்ச் ஆயின. பெருநகரங்கள் திருகோணமலை ஆயின. சேலைக்கு மேலே ஹபாயா என்னும் கறுப்பு அங்கி வந்தது. கதாநாயகி விழுந்துவிட்டாள் என்று தெரிந்த பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். அதற்கு அங்கால் படிப்பது அவருக்குத் தேவையாக இருக்கவில்லை.

மாரி தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னது வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி. தினமும் காலையில் லோஞ்சில் நகரத்துக்குப் போகிறாள். ஒருநாள் குடையை லோஞ்சிலேயே மறந்துவிடுகிறாள். பின்னேரம் மழை. கடல் பெருத்து, கடைசி லோஞ்ச் ஓடவில்லை. செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறாள். கூட வேலை செய்யும் ஒருவன் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். போகிறாள். கதவு சாத்தப்படுகிறது.

"இதோட போதும்" என்றார் டீச்சர். "கூட வாறதுக்கு வாப்பா இல்ல, கூடப்பொறந்த நானா இல்ல. அந்நிய ஆம்புளட வீட்டுப் படி. இதுக்கு மேல என்ன இரிக்கி?"

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. எழுந்து போனார்கள்.

வாசலோரம் அன்று புதிதாக ஒருத்தி இருந்தாள். நப்லா. கிண்ணியாவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவள். விளக்கம் முடிந்த பிறகுதான் வந்தாள். டீச்சரின் வழக்கம் அவளுக்குத் தெரியாது. போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், "இஞ்ச லோஞ்சில வேலைக்குப் போற பொண்ணு ஆருடி?" என்று கேட்டாள்.

தெருவில் பாலங்கள் வந்த பிறகு பெண்கள் நகரத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒருத்தியைத் தவிர. பிள்ளை சொன்னது: "றிஷானா டீச்சர். பஸ்ஸுல போனா அவக்குத் தல சுத்திச் சத்தி வரும்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் றிஷானா நபீஸா டீச்சரின் வீட்டுக்கு வந்தாள். அவரிடம் அஹதிய்யாவில் படித்தவள். இப்போது நகரத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கதிரை நுனியில் இருந்தாள்.

"தேத்தண்ணி ஊத்தட்டா புள்ள?"

"வேணாம் டீச்சர். நான் ஆருட வீட்ட தங்கினனான்?"

டீச்சருக்கு விளங்கவில்லை.

"கிண்ணியாவால கலியாணம் பேசி வந்தாங்க தானே. ஸஜ்ஜாத் எண்டு, போட் எஞ்சின் திருத்துறவர். நேத்து அவங்கட உம்மா போன் எடுத்து, இது சரிவராது எண்டுட்டாங்க. வாப்பா ஏன் எண்டு கேட்டதுக்கு, மழைக்க ஒரு ஆம்புளட வீட்ட தங்கின பொண்ணாம், வெள்ளிக்கிழமை இஞ்ச வந்த நப்லா போய்ச் சொன்னாவாம். குடையயும் லோஞ்சில விட்டுட்டுப் போனனாம்."

குடை என்றதும் டீச்சருக்கு விளங்கிவிட்டது.

"செருப்பு..." என்றார்.

"ஓம், செருப்பு வாரும் அறுந்ததாம். நான் சப்பாத்துத்தான் போடுறனான் டீச்சர்."

றிஷானா தொடர்ந்து பேசினாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அவரு ஒருத்தர்தான் என்ட வேலைய விடச் சொல்லாதவரு. முதல் வந்த மூணு பேரும் அதத்தான் முதல்ல சொன்னாங்க. இவருக்கு நான் விரும்பித்தான் ஓம் எண்டனான். இப்ப வாப்பா லோஞ்சுக்கும் போகாத எண்டுறாரு." கதிரையை முன்னால் இழுத்தாள். "ஒரு பொண்ணுக்கு மேல பழி சொல்லுறதுக்கு நாலு சாட்சி வேணும் எண்டு நீங்கதான் படிப்பிச்சீங்க. நாலு பேரையும் எனக்குக் காட்டுங்க."

"அது ஒரு புத்தகத்தில வாற பொண்ணு, மகள்" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியும். மூதூருக்கே தெரியும். கிண்ணியாக்குத் தெரியாதே."

அன்று இரவு இஷாத் தொழுகையில் டீச்சர் இரண்டு தடவை ரக்அத் எண்ணிக்கையை மறந்தார். கதாநாயகிகளுக்குச் சாட்சி கேட்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எழுதியவன் சொல்கிறானே, அது போதும் என்றிருந்தார்.

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறிக் கிண்ணியாவுக்குப் போனார். பையில் அந்தப் புத்தகம்.

மாப்பிள்ளையின் தாய் பஸ்மியா குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பெரிய குரல். வந்தவர்களைக் கதிரையில் இருத்திவிட்டு, இறால் சட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து தரையில் இருந்தார்.

"அது றிஷானா இல்ல, ராத்தா" என்றார் டீச்சர். "நாவல் ஒண்டில வாற பொண்ணு. நான்தான் வெள்ளிக்கிழமை சொன்னனான். நப்லா அதக் கேட்டிட்டுத்தான் வந்திரிக்கா." உறையைக் கழற்றிப் புத்தகத்தை நீட்டினார்.

பஸ்மியா முழங்கையால் சாடை காட்டிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். டீச்சர் திருப்பினார்.

"இதில ரயில் எண்டுதான் இரிக்கி. லோஞ்ச் எங்க?"

"லோஞ்ச் நான் போட்டது."

"நீங்க ஏன் போட்ட?"

"மூதூருல ரயில் இல்லையே."

"பேரு மாலதி எண்டு இரிக்கி. நெத்தியில பொட்டு வச்சிரிக்கா. நப்லா ஹபாயா எண்டாளே?"

"அதுவும் நான்தான்."

கலீலுர் றஹ்மான் இருமினார். சிரிப்பை அப்படித்தான் அடக்குவார்.

பஸ்மியா இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டார். "டீச்சர், நீங்க நல்ல மனுசி. படிப்பிச்ச புள்ளயக் காப்பாத்த வந்திரிக்கீங்க. அதுக்கு ரயில் ஓடுற புத்தகத்தத் தூக்கிட்டு வந்தா நான் நம்புவனா? எனக்கு ஒரே ஒரு மகன்."

டீச்சர் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். போனால் றிஷானாவின் வாசலில் நிற்கவேண்டும். கதிரையை விட்டு இறங்கிச் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"நப்லா சொன்னத ஒண்டொண்டாச் சொல்லுங்க. நான் பக்கத்தக் காட்டுறன். ஒண்டு இல்லாட்டியும் நான் எழும்பிப் போறன்."

"குடைய விட்டா."

டீச்சர் காட்டினார். குடை ரயில் கம்பியில் தொங்கியது.

"கடைசி லோஞ்ச் ஓடல்ல."

தண்டவாளத்தில் வெள்ளம். காட்டினார்.

"அவன் கையில டோர்ச் வச்சிருந்தானாம்."

"இந்தா."

"ஆம்புள சொன்னானாம், வெக்கப்படாதீங்க, வீட்ட வெந்நீர் இரிக்கி எண்டு."

"இந்தா, அதே சொல்லு."

பஸ்மியாவின் விரல் இறாலில் நின்றது. "செருப்பு வாரும் இரிக்கா?"

"இரிக்கி. இடது கால் செருப்பு."

"நப்லாவும் இடது எண்டுதான் சொன்னா" என்று மெதுவாகச் சொன்னார் பஸ்மியா. எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே படித்தார். உதடு அசைந்தது. "கதவு சாத்தினது. ஓம். இதேதான்." நிமிர்ந்தார். "யா அல்லாஹ், நான் ஒரு குமர்ப்புள்ளட பேரைக் கெடுத்திட்டனே."

"தொடங்கினது நான்" என்றார் டீச்சர்.

"சரி, பிறகு அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்த?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் அந்தப் பக்கத்தோட மூடிட்டன்."

பஸ்மியா அவரையே பார்த்தார். "அப்ப நீங்களும் பாக்கல்ல, நானும் பாக்கல்ல. கதவு சாத்தின சத்தத்துக்கே என்ட மகன்ட கலியாணத்த நிப்பாட்டினனா? படிங்க டீச்சர். இறால் கிடக்கட்டும்."

டீச்சர் படித்தார். இந்தமுறை எதையும் மாற்றவில்லை. ரயில் ரயிலாகவே ஓடியது. உள்ளே அழைத்துப்போனவன் வீட்டுப் பூட்டின் திறப்பை அவளிடம் கொடுக்கிறான். எதிர்வீட்டு நண்பனிடம் படுக்கப் போய்விடுகிறான். அவள் கதவைப் பூட்டி, அதற்கு ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து, அதிலேயே விடியும்வரை இருக்கிறாள். முதல் ரயிலுக்குப் புறப்படுகிறாள்.

"நித்திர கொள்ளாமலா?"

"ஓம்."

"பாவம், முதுகு உளைஞ்சிரிக்கும்" என்றார் பஸ்மியா. "என்ட மகளெண்டாலும் அதத்தான் செஞ்சிரிப்பா."

"ஆனாலும் தனியப் போனது பிழைதான் ராத்தா" என்றார் டீச்சர். அதை அவரால் விட முடியவில்லை.

"பிழைதான். ஆர் இல்லண்ட? ஆனா அவ செஞ்ச பிழை அவ்வளவுதான். மிச்சம் நம்மட."

அந்த இடத்திலேயே போனை எடுத்தார். றிஷானாவின் தாய் பேசினார். பஸ்மியாவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "நான் பஸ்மியா. பிழையா விளங்கிட்டன். என்னப் பொறுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நாள் குறிக்க வாறம், நீங்க ஓம் எண்டா. ஸஜ்ஜாத் அண்டைக்கே சொன்னான், கேட்டுப் பாக்காம விட்டிராதீங்க உம்மா எண்டு. நான்தான் கேக்கல்ல."

மறுபக்கத்தில் ஏதோ சத்தம். பஸ்மியா போனைப் பொத்திக்கொண்டு, "பொண்ணுக்கிட்ட கேக்குறாங்க" என்றார். டீச்சர் உதட்டுக்குள் ஓதினார். பஸ்மியா போனை மறுபடி காதில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"ஓமாம். ஆனா வேலைய விட மாட்டாவாம், அத இப்பவே சொல்லச் சொன்னாவாம்."

கலீலுர் றஹ்மான் இந்தமுறை இருமாமல் சிரித்தார். பஸ்மியா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை டீச்சர் ஒரே மூச்சில் குடித்தார். இறால் பொரியலும் சோறும் தின்னாமல் அனுப்பமாட்டேன் என்றார் பஸ்மியா. டீச்சர் இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றார். நேற்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. விளக்கத்துக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். பழி சுமத்துவது பற்றிய வசனத்தை டீச்சர் ஓதி விளக்கினார். தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டார். பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொன்னார். பெண்ணின் பெயர் மாலதி என்றார். ஊரைச் சொன்னார். லோஞ்ச் இல்லை, ரயில் என்றார்.

"ரயில் வேணா டீச்சர்" என்றாள் ஹஸ்மியின் மனைவி, மடியில் பிள்ளையுடன். "லோஞ்ச்தான் எங்களுக்கு விளங்கும்."

"ரயில்தான்" என்றார் டீச்சர். மிச்சத்தைப் படித்தார். திறப்பு, கதிரை, முதல் ரயில். புத்தகத்தை மூடினார்.

"அப்ப ஒண்டும் நடக்கல்லையா?" என்றாள் ஒருத்தி.

"ஒண்டும் நடக்கல்ல."

"இதுக்கா ஒரு கிழமை நித்திர இல்லாமக் கிடந்தம்!"

முன்வரிசையில் இருந்த றிஷானாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. டீச்சரும் சிரித்தார். வாசலில் றிஷானாவின் தாய் வந்து நின்று, "மாப்பிள்ள வீட்டுக்கு வட்டிலப்பம் இன்னும் அவிக்கல்ல, நீ இஞ்ச இரிந்து பல்லக் காட்டுறா, எழும்புடி" என்று கூப்பிட்டார். றிஷானா எழுந்தாள். கூட இன்னும் நாலைந்து பேர் தேங்காய் துருவிக் கொடுக்க எழுந்து போனார்கள்.