‘சாம்பல் நதி’க்கு வெண்டல் போட்ட மார்க்

வெண்டல் ஹால்வர்சனுக்கு மார்க் போடாமல் சாப்பாடு இறங்காது. சர்ச் விருந்துக்கு யாராவது உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அடுப்பில் சுட்டு எடுத்து வந்தால், ஒரு கரண்டி வாயில் போட்டதுமே, “பத்துக்கு ஆறரை” என்பான். பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுவதை ஜன்னலில் நின்று பார்த்து ஐந்து போடுவான். பாதிரியாரின் பிரசங்கத்துக்கு ஏழு, அதுவும் முடிவு இழுவை என்ற குறிப்போடு. தன் கல்யாண உறுதிமொழிக்குத் தானே ஒன்பது போட்டுக்கொண்ட மனுஷன். “என்னைத் தவிர எல்லாருக்கும் நான் ஸ்ட்ரிக்ட்டு” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

டுலூத் என்ற ஊரில், மேட்டுப் பக்கம் ஒரு மெத்தைக் கடையில் வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு, வீட்டு அடித்தளத்தில் சுவரில் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து வீடியோ விளையாட்டுகளை விமர்சனம் செய்து இணையத்தில் ஏற்றுவது. பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டி வந்தால் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து நிறையாது. ஆனால் ஒரே ஒரு வீடியோ மட்டும் எப்படியோ பற்றிக்கொண்டு ஓடியது. ‘சாம்பல் நதி’ என்ற விளையாட்டை அவன் கிழிகிழியென்று கிழித்த வீடியோ.

அந்த விளையாட்டு வந்த காலத்தில் ஆடுகிறவர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பெரிய நாடு, காடு, மலை, குறுக்கே ஆறு, அதைக் கடக்க ஒரு படகு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இதுபோல ஒன்று வந்ததே இல்லை என்று ஒரு கட்சி. நடந்து நடந்தே சாக வேண்டியதுதான் என்று இன்னொரு கட்சி. வெண்டல் ரெண்டாவது கட்சிக்குத் தன்னைத்தானே தலைவனாக நியமித்துக்கொண்டு பத்துக்கு நாலு போட்டான். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பெண், “நீ படகில் ஒழுங்காக உட்கார்ந்தாயா, இல்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தாள். இவன் நக்கலாகப் பதில் போட, அவள் அதைவிட நக்கலாகத் திருப்பிக் கொடுக்க, விசாரித்தால் அவள் அதே ஊரில் சிட்டி பஸ் ஓட்டுகிறவள். பெயர் டார்லா. காபிக் கடையில் சண்டையைத் தொடரலாம் என்று சந்தித்தவர்கள், சண்டை முடியாததால் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வீட்டில் ‘சாம்பல் நதி’ பேச்சு எடுப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்து, டார்லாவுக்கு ஏழு மாதம் ஆனபோது அவளே அதை உடைத்தாள். மார்ச் மாதம், வெளியே பனி பாதி உருகிச் சேறாகிக் கிடந்தது. காட்டரிசி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணுக்கு எல்வின்னு பேர் வைக்கலாம்” என்றாள்.

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தான். “எந்த எல்வி? படகுக்காரி எல்வியா?”

“வேற எந்த எல்வி?”

“அடிப்பாவி! அவளுக்கு வசனமே ரெண்டு வார்த்தை. ‘ஏறு, உட்காரு.’ அவ்வளவுதான். மரக்கட்டைக்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கான்னு ஊரெல்லாம் கேக்கச் சொன்னவன் நான். இப்ப எம் பொண்ணுக்கே அந்தப் பேர வெச்சா என் மானம் என்ன ஆகறது?”

“மானமா? தலகாணி வேஷம் போட்டுக் கடை வாசல்ல ஆடினியே, அப்ப எங்க போயிருந்துச்சு அது?”

“அது தொழிலு.”

“சரி, இதையும் தொழிலா செய். அந்த விளையாட்ட மறுபடி எடு. முழுசா ஆடு, நான் சொல்ற மாதிரி ஆடு. அப்பவும் பிடிக்கலேன்னா உங்க அத்தை பேரையே வெச்சுத் தொலைக்கலாம். பெர்னிஸ்.”

வெண்டல் யோசித்தான். பெர்னிஸ் என்ற பெயரைச் சும்மா சண்டைக்குத்தான் சொல்லி வைத்திருந்தான். அது வாயில் வரும்போதே அவனுக்குப் புளித்தது. ஆனால் பழைய விளையாட்டைத் தூசி தட்டி எடுத்து, ‘அவ்வளவு மோசமா இது?’ என்று திரும்ப ஒரு வீடியோ போடுவது அந்த விமர்சகர் கூட்டத்தில் எல்லாரும் செய்கிற சடங்கு. நிறையாத அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் இன்னும் நாலு பேர் ஏறினாலும் ஏறுவார்கள். சரி என்றான்.

டார்லா ரெண்டு நிபந்தனை போட்டாள். வரைபடத்தில் தெரிகிற மஞ்சள் புள்ளிகளைப் பொறுக்கக் கூடாது. படகில் ஏறினால், அக்கரைக்குத் தாவுகிற பட்டனை அழுத்தக் கூடாது.

முதல் நிபந்தனையே வெண்டலுக்குப் பெரிய தண்டனை. அவன் சுபாவம் அப்படி. ஒரு மஞ்சள் புள்ளி கண்ணில் பட்டுவிட்டால் அங்கே போய் அங்கிருக்கிற பருந்து இறகையோ, தொலைந்த ஆட்டையோ எடுத்தால்தான் அவனுக்கு மூச்சு விட முடியும். முதல் முறை அப்படித்தான் ஆரம்பப் பள்ளத்தாக்கிலேயே இறகு பொறுக்கிக்கொண்டு, ஆடு மேய்த்துக்கொண்டு, ஒரு குளிர்காலத்தையே தொலைத்தான். ஆற்றை ஓரிரு முறை பட்டன் அழுத்தித் தாண்டியதோடு சரி, வெறுத்துப்போய் பாதியில் மூடிவிட்டு, முழுதும் பார்த்தவன் தோரணையில் தீர்ப்பு எழுதினான். யாரும் அவனை ஆடு மேய்க்கச் சொல்லவில்லை. கதை அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே, அவனுக்காகக் காத்துக் காத்து அலுத்துப் போயிருக்கும்.

இந்த முறை நேராகக் கிளம்பினான். அரை மணிக்குள் குதிரை ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. “டார்லா! வந்து பாரு உன் காவியத்த!” என்று மேலே பார்த்துக் கத்தினான். வாள்சண்டை, ஈர மெத்தையைக் கட்டையால் அடிப்பது போல இருந்தது. கிராமத்து ஜனங்கள் யாரைக் கேட்டாலும் “இந்த வருஷம் மழை ஜாஸ்தி” என்றார்கள். நாலு மார்க் போட்டதே தாராளம் என்று குறித்துக்கொண்டான்.

பிறகு ஆறு வந்தது.

“ஏறு, உட்காரு” என்றாள் எல்வி. வெண்டலின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பட்டன் மேல் போய் நின்றது. விரலை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டான். துடுப்புச் சத்தம். மூடுபனி. ஒன்றும் நடக்கவில்லை. பாதி ஆற்றில் எல்வி, அவனைப் பார்க்காமலே, “ஆழம் இங்கதான் ஜாஸ்தி. எங்க அப்பா இங்கதான் போனார்” என்றாள். அவ்வளவுதான். படகு கரை தட்டியது.

வெண்டல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இவளுக்கு வாய் இருக்கிறது! ஆறு கடக்கும் நேரம் பொறுத்தால்தான் பேசுவாள். இதைக் கேட்காமல்தான் அவன் இவளை மரக்கட்டை என்று உலகத்துக்கு அறிவித்தான். அதைப் பார்த்து உலகமும் கைதட்டியது.

மறுநாள் கடையில் கூட வேலை பார்க்கிற லெராயிடம் சொன்னான். லெராய் அவனைவிட மூத்தவர், மெத்தைத் தொழிலில் ஊறியவர். அவர் சிரித்த சிரிப்பில் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலே ஆடியது.

“யோவ், வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் ‘படுத்துப் பாக்காம குறை சொல்லாதீங்க’ன்னு வாய் கிழியப் பேசறவன் நீ. நீ என்னடான்னா ஓரத்துல ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு ஊரைக் கூட்டியிருக்க!”

“சொல்லுங்க, சொல்லுங்க. எனக்கே என்னைப் பாத்தா சிரிப்பாத்தான் இருக்கு.”

அதற்குப் பிறகு வெண்டல் வேலையே இல்லாமல் ஆற்றைக் கடக்க ஆரம்பித்தான். இக்கரை, அக்கரை, மறுபடி இக்கரை. ஒவ்வொரு தடவையும் எல்வி ஒரு வாக்கியம் சொன்னாள். அப்பா போன பிறகு துடுப்பை எடுத்தது. அவள் தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது. அக்கரையில் இருக்கிற ஊரில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை என்பது. குதிரை இன்னும் கூரை ஏறிக்கொண்டுதான் இருந்தது, சண்டை இன்னும் கேவலம்தான். ஆனால் அந்த ஆற்றின் மேல் எவனோ ஒருவன் உட்கார்ந்து மெனக்கெட்டிருக்கிறான் என்று வெண்டலுக்குப் புரிந்தது. மார்க்கை ஆறாக்கினான். பிறகு ஆறரை. தோற்றுக்கொண்டிருந்தான், அது அவனுக்கே தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைசி கட்டத்துக்கு வந்தான். அங்கேதான் பூமி புரண்டது. எதிரிப் படையை ராத்திரியில் ஊருக்குள் கொண்டுவந்து விட்டது யார் என்றால், எல்வி. தன் படகில், தன் கையால். ஆடுகிறவன் அவளை அம்பெய்து வீழ்த்தினால்தான் கதை முடியும். வேறு வழி வைக்கவில்லை. வெண்டல் எய்தான். அவள் துடுப்போடு தண்ணீரில் விழுந்தாள்.

கொஞ்சம் கண் கலங்கியது நிஜம். ஆனால் அந்தக் கண் காய்வதற்குள்ளேயே இன்னொரு எண்ணம் வந்து குதித்தது: ஜெயிச்சாச்சு! துரோகி பெயரையா பிள்ளைக்கு வைப்பார்கள்? இத்தனை வருஷச் சண்டைக்கு இதுதான் பிரம்மாஸ்திரம். ஆஹா, என்ன ஜென்மமடா நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ரெண்டு ரெண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

டார்லா சமையலறையில் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊறுகாய் வெள்ளரி தின்றுகொண்டிருந்தாள்.

“காட்டிக் கொடுத்துட்டா உன் எல்வி!” என்றான் மூச்சு வாங்க. “ஊரையே வித்துட்டா! தெரியுமா உனக்கு?”

“தெரியும். உனக்கு முன்னாடி முடிச்சவதானே நான்.”

“தெரிஞ்சேவா எம் பொண்ணுக்கு அந்தப் பேரு?”

“அவ தம்பிய அந்தப் படைக்காரனுங்க பிடிச்சு வெச்சிருந்தானுங்க. அவளும் அத சொன்னா, பாதி ஆத்துல. கேட்டியா?”

வெண்டல் கேட்டிருக்கவில்லை. கடைசிக் கட்டத்துக்குப் போகிற அவசரத்தில் அந்த ஒரு முறை மட்டும் பட்டனை அழுத்திவிட்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே டார்லாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

“ஆரம்பத்த மட்டும் பாத்துட்டு நாலு போட்ட. இப்ப கடைசிய மட்டும் பாத்துட்டுத் துரோகிங்கற. விளையாட்டு நாசமாப் போகட்டும், வெண்டல். எனக்கு அதுவா கவலை?” வயிற்றின் மேல் கையை வைத்தாள். “இவ நடக்க லேட்டாகும், கணக்குல சைபர் வாங்குவா, பதினஞ்சு வயசுல கதவ அறைஞ்சு சாத்துவா. அன்னிக்கு நீ என்ன மார்க் போடப் போறியோ, அதுதான் எனக்குக் கவலை.”

வெண்டல் வெள்ளரி பாட்டிலின் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஏனென்றால் அவள் சொன்னது பொய் என்று அவனால் சத்தியம் செய்ய முடியவில்லை.

வீடியோ போட்டான். குதிரை, சண்டை, மழை ஜாஸ்தி எல்லாவற்றையும் கழுவி ஊற்றினான். பிறகு ஆற்றுப் பக்கம் வந்து, பட்டனை அழுத்தாமல், வாயைத் திறக்காமல் அக்கரை வரை போனான். மார்க் சொல்லவில்லை. “இந்த ஆளுக்கு என்ன ஆச்சு? மைக் ரிப்பேரா?” என்று கீழே எழுதினார்கள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவன் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார்கள். பெயர் விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மே மாதக் கடைசியில், ஒரு காலை நேரத்தில் பெண் பிறந்தாள். வெண்டல் டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைவிட அதிகமாக வியர்த்து நின்றிருந்தான். நர்ஸம்மா குழந்தையை விளக்கடியில் கிடத்தி, துடைத்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, காலைச் சுண்டிப் பார்த்து, யாருக்கோ சொல்வது போல உரக்க, “பத்துக்கு எட்டு” என்றார்.

வெண்டல் திரும்பினான். “எட்டா? என்ன எட்டு?”

“குழந்தைக்கு, சார். பொறந்ததும் மூச்சு, நிறம், துடிப்பு எல்லாம் பாத்துப் போடறதுதான்.”

“பொறந்து ஒரு நிமிஷம்கூட முழுசா ஆகலையே, அதுக்குள்ள எதுக்கு மார்க்கு? ரெண்டு எதுக்குக் குறைச்சீங்க?”

“கைகால் இன்னும் நீலமா இருக்கு, அழுகையும் கொஞ்சம் மெதுவா—”

“நீலமா இருந்தா என்னம்மா? இப்பத்தான் வந்திருக்கா! மூச்சு விட டைம் குடுங்க. என்ன பாத்தீங்க நீங்க அவகிட்ட? ஒண்ணும் பாக்கல!” குரல் உடைந்துவிட்டது. “இவளுக்கு யாரும் மார்க் போட வேணாம். நான் சொல்றேன், போட வேணாம்.”

படுக்கையிலிருந்து டார்லா சிரிக்கும் சத்தம் வந்தது. வலிக்கிறது என்று முனகிக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

நர்ஸம்மாவுக்கு இதுபோல அப்பாக்கள் பழக்கம்போல. “அஞ்சாவது நிமிஷம் மறுபடி பார்ப்போம் சார்” என்று சாவதானமாகச் சொல்லிவிட்டு, குழந்தையின் காலில் கட்டுகிற பட்டையை எடுத்தார். “பேர் வெச்சாச்சா?”

“எல்வி” என்றான் வெண்டல், டார்லா வாயைத் திறக்கும் முன்.

அப்புறம் குனிந்து, அந்தச் சின்ன நீலக் கைகளைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். அஞ்சாவது நிமிஷம் நர்ஸம்மா ஒன்பது என்று சொன்னார். அது அவன் காதில் விழவில்லை.