பன்னிரண்டாவது ஸ்பாஞ்சு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பட்டப்பகலில் நடந்தது இது. அந்த டாக்டரின் விரலை நானே பார்த்திருக்கிறேன்.

கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பிரசவத்தில் கிழிந்த இடத்தைத் தைக்க நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். விலை கூடிய பயிற்சிப் பொம்மைகள் கட்டுப்படியாகாது. அதனால் சதைக்குக் குளியல் ஸ்பாஞ்சு, தோலுக்குச் சிவப்புத் துணி, ஆசனவாயை இறுக்கும் தசைக்குச் சைக்கிள் டியூப். செய்து தருவது ஆஸ்பத்திரித் தையல்காரம்மா.

மணி 1:40. நர்சுகள் சாப்பிடப் போயிருந்தார்கள். வகுப்பில் காட்ட ஒன்றைத் தைத்து வைக்கலாம் என்று வரிசையில் கடைசியாக இருந்த பன்னிரண்டாவதை எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

முதலில் டியூப், பிறகு ஸ்பாஞ்சு, கடைசியில் துணி. தைத்து முடித்துக் கத்தரியை வைக்கத் திரும்பினார்.

பட்... பட்... பட்...

மேல் துணித் தையல் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால், உள்ளே டியூப் மட்டும் தையல் அறுந்து பிளந்து கிடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு அவசரத்தில் மேல்தோலை மட்டும் தைத்துவிட்டு, தசையையும் தைத்ததாக எழுதி அனுப்பியவர் அவர்தான். மலம் அடங்காமல் மூன்று முறை வந்து அழுதாள். "பிள்ளை பெத்தா இப்படித்தாம்மா இருக்கும். பொறுத்துக்கோ" என்றார். நாற்றம் என்று புருஷன் ஒதுக்கிவிட்டான். நாலாவது முறை அவள் வரவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும். எனக்கு அவர் மேல் இரக்கமே இல்லை.

1:52. துணியைப் பிரித்து டியூபை மறுபடி தைத்தார். தசை சேர்ந்ததா என்று வழக்கம்போல் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

டியூப் இறுகியது.

இழுத்தார். இன்னும் இறுகியது...

காதருகே ஒரு மூச்சு.

"இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ..."

2:00. வகுப்புக்கு வந்த நர்சுகள் டியூபை வெட்டி எடுத்தார்கள். விரல் கறுத்திருந்தது. இன்றுவரை அவரால் ஊசி பிடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் தலைமை நர்ஸ் தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"டியூபை ஏம்மா இவ்வளவு டைட்டா வச்சீங்க?"

"நான் பதினொண்ணுதான் தைச்சேன், சிஸ்டர். இது என்னோடது இல்ல."

சொல்லிவிட்டு அந்தச் சிவப்புத் துணியைப் புரட்டினாள். ஓரத்தில் விரல் நின்றது.

"ஆனா இந்த ஓரம் நான் அடிச்சது... என் தங்கச்சி புடவைக்கு."

துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி, இதைக் கட்டித்தானே அவளைப் புதைச்சோம்."